குறைமாதக் குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போது பெற்றோர் செய்யக்கூடியது என்ன?

உங்கள் மனைவிக்கு இரத்த அழுத்தம் கூடியதால் 29ஆம் வாரத்திலேயே அறுவைச் சிகிச்சை செய்து பெண் குழந்தையை எடுத்திருக்கிறார்கள். பிறந்தபோது எடை 1,150 கிராம். எட்டாவது நாளான இன்று 1,040 கிராம். மூக்கில், காற்றழுத்தம் கொடுத்து மூச்சுக்கு உதவும் சிபாப் குழாயும், வாயில் பால் செலுத்தும் குழாயும் இருக்கின்றன. நாளுக்கு இரண்டு முறை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுத் திரும்புகிறீர்கள். மனைவிக்குப் பால் சரியாகச் சுரக்கவில்லை, அவர் சாப்பிடவும் மறுக்கிறார். காத்திருப்பதைத் தவிர நாங்கள் செய்ய ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. நிறையவே இருக்கிறது. பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் 24 ஆண்டுகள் செவிலியராக வேலை பார்த்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். தாயின் பால், தாய் தந்தையின் மேனிச் சூடு, அசையாமல் அணைத்துப் பிடிக்கும் கை, பழகிய குரல் ஆகியவை சிகிச்சைக்கு வெளியே நிற்கும் அன்பு அடையாளங்கள் அல்ல, அவையே சிகிச்சையின் பகுதி. அவற்றை எந்த இயந்திரத்தாலும் எங்களாலும் கொடுக்க முடியாது. நீங்கள் அந்தப் பிரிவுக்குப் பார்வையாளராகப் போகவில்லை என்பதை முதலில் நீங்களே நம்ப வேண்டும்.

இதை நாங்களே தாமதமாகத்தான் கற்றுக்கொண்டோம். நான் பணியில் சேர்ந்த காலத்தில் தாய்மாரை உள்ளே விட்டால் நோய்த்தொற்று வந்துவிடும் என்று உறுதியாக நம்பினோம். ஏறத்தாழ உங்கள் மகளின் எடையோடு பிறந்த ஒரு குழந்தையின் தாய் 23 நாட்கள் கண்ணாடி வழியாக மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு அனுப்பும் நாளில் குழந்தையை அவர் கையில் கொடுத்தபோது, வாங்கிக்கொள்ளப் பயந்து கைகளைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிள்ளையைத் தூக்கவே அஞ்சும் நிலைக்கு ஒரு தாயைக் கொண்டுவந்து நிறுத்தியவர்கள் நாங்கள்தான் என்ற எண்ணம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

அதற்கு முன்பே உலகின் வேறு மூலைகளில் வேறு விதமாகச் செய்யத் தொடங்கியிருந்தார்கள். கொலம்பியாவின் தலைநகரான பொகோட்டாவில் 1978இல் இன்குபேட்டர்கள் போதாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகளை வைக்க வேண்டியிருந்தபோது, எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர் குழந்தைகளைத் தாயின் மார்போடு சேர்த்துக் கட்டிவைக்கச் சொன்னார். எஸ்டோனியாவின் டாலின் நகரில் 1979இல் செவிலியர் பற்றாக்குறையைச் சமாளிக்க ஆதிக் லெவின் என்ற மருத்துவர் தாய்மாரையே குழந்தைகளின் முதன்மைப் பராமரிப்பாளர்களாக ஆக்கினார். இல்லாமையால் தொடங்கியவை இவை இரண்டும்; ஆனால், வசதி நிறைந்த நாடுகளும் பின்னர் இவற்றைத்தான் பின்பற்றத் தொடங்கின. இந்தியாவிலும் அரசு மருத்துவமனைகளின் பச்சிளம் குழந்தைப் பிரிவுகளில் பெற்றோரைப் பராமரிப்பில் சேர்த்துக்கொள்வதற்கான தேசிய வழிகாட்டுதல் 2017இல் வெளிவந்தது. ஆகவே, உள்ளே வர அனுமதி கேட்கும்போது நீங்கள் சலுகை கேட்பதாக நினைக்க வேண்டியதில்லை. வாதாடவும் வேண்டாம். 'சிஸ்டர், கை கழுவும் முறையைச் சொல்லிக்கொடுங்கள், நாங்கள் அப்படியே செய்கிறோம், குழந்தையைத் தொட எப்போது வரலாம்?' என்று கேளுங்கள். கை கழுவுவதில் அக்கறை காட்டும் பெற்றோரை எந்தச் செவிலியரும் நம்புவார். வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிட்டு, நகத்தை ஒட்ட வெட்டி, முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சளியோ காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கும் நாளில் நீங்களாகவே உள்ளே போகாதீர்கள்.

அடுத்தது பால். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த நேரத்தில் உங்கள் மனைவியால் மட்டுமே செய்ய முடிந்த வேலை இது. குறைமாதத்தில் பிள்ளை பெற்ற தாயின் பாலில், முதல் சில வாரங்களுக்கு, நிறைமாதத் தாயின் பாலில் இருப்பதைவிடப் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருட்களும் கூடுதலாக இருக்கும். முதிராத குடலில் வீக்கம் ஏற்பட்டுத் திசு அழுகிப்போகும் ஒரு கொடிய நோய் இந்த எடைக் குழந்தைகளைத் தாக்குவதுண்டு. பவுடர் பால் குடிக்கும் குழந்தைகளைவிடத் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளுக்கு அது மிகக் குறைவாகவே வருகிறது. எனவே, பால் என்பது உங்கள் மகளுக்கு உணவு மட்டுமன்று, குடலுக்கான மருந்தும்கூட.

பால் குறைவு என்று சொல்லும் முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குழாய் வழியாக முழு அளவுப் பாலுக்கு வந்த பிறகும் இந்தக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு, கிலோவுக்கு 150 மில்லி என்ற கணக்கில், ஏறத்தாழ 170 மில்லிதான் தேவைப்படும். இப்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சில மில்லிதான் போய்க்கொண்டிருக்கும். ஆகவே, ஒரு முறை பீய்ச்சும்போது 10 மில்லி வந்தால் அது தோல்வி அன்று; நாளுக்கு எட்டு முறை வந்தால் 80 மில்லி ஆகிவிடும். ஆனால், குழந்தை வாய் வைத்துக் குடிக்காத நிலையில், எத்தனை முறை மார்பு காலியாகிறதோ அதைப் பொறுத்தே சுரப்பு நிலைக்கும். அதனால் 24 மணி நேரத்தில் எட்டிலிருந்து பத்து முறை பீய்ச்ச வேண்டும். அதில் ஒருமுறையாவது நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில் இருக்க வேண்டும். பெரும்பாலான தாய்மார் விட்டுவிடுவது இந்த இரவு முறையைத்தான். நீங்கள் அலாரம் வைத்து எழுந்து, அவருக்குக் குடிக்கத் தண்ணீரோ பாலோ கொடுத்து, பாத்திரத்தைக் கழுவித் தந்தால் பாதிப் பாரம் குறைந்துவிடும். தந்தை செய்யக்கூடிய மிக நேரடியான உதவி இது.

கையால் பீய்ச்சும் முறை எளிது. கருவளையத்துக்குச் சற்றுப் பின்னால் ஒரு பக்கம் கட்டைவிரலும் எதிர்ப்பக்கம் மற்ற விரல்களும் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு விரல்களை ஒன்றையொன்று நோக்கி அழுத்தி விட வேண்டும். காம்பைப் பிடித்து இழுத்தால் வலிதான் வரும், பால் வராது. கொதிநீரில் போட்டெடுத்த எவர்சில்வர் கிண்ணத்தில் பிடித்து, பெயரும் நேரமும் எழுதி உடனே பிரிவில் கொடுத்துவிடுங்கள். நம் ஊர் வெயிலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்திருக்கக் கூடாது. முடிந்தவரை குழந்தையின் அருகில் உட்கார்ந்தோ குழந்தையை மார்போடு அணைத்து எழுந்த உடனேயோ பீய்ச்சச் சொல்லுங்கள். வீட்டில் அழுதுகொண்டே முயன்றபோது 5 மில்லி வந்த தாய்க்கு, குழந்தையின் தலையைத் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்ததும் 20 மில்லி வந்ததை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அப்படியும் போதாவிட்டால் பவுடர் பாலுக்கு முன் தாய்ப்பால் வங்கியைப் பற்றி விசாரியுங்கள். ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி 1989இல் மும்பையின் சயான் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. இன்று தமிழ்நாட்டின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இந்த வசதி உண்டு. தானமாகத் தரும் தாயின் இரத்தத்தைச் சோதித்து, பாலை 62.5 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கிக் கிருமி நீக்கிய பிறகே கொடுப்பார்கள். 'வேறு ஒருத்தியின் பாலா' என்று வீட்டில் முகம் சுளித்தால், கைவிடப்பட்ட பிள்ளைக்கும் தாயிழந்த பிள்ளைக்கும் ஊரில் யாராவது பால் கொடுத்து வளர்த்த கதைகள் நம் குடும்பங்களிலேயே இருப்பதை நினைவூட்டுங்கள்.

இனி மேனிச் சூடு. குழந்தைக்கு டயப்பர், குல்லாய், காலுறை மட்டும் அணிவித்து, தாயின் வெறும் மார்பின் நடுவே நிமிர்ந்த நிலையில், கைகால்கள் தவளை போல மடங்கியிருக்கும்படி வைத்து, தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, மூச்சு தடைபடாதபடி கழுத்தைச் சற்றே நிமிர்த்தி, மேலே ஒரு மெல்லிய துணியால் கட்டிவிடுவார்கள். இதைத்தான் கங்காரு பராமரிப்பு என்கிறோம். எடை குறைந்த குழந்தை ஓரளவு தேறிய பிறகு செய்யும் கூடுதல் வசதியாகத்தான் இதை நெடுங்காலம் கருதினார்கள். அந்தக் கருத்தைப் புரட்டிப் போட்டது, டெல்லியின் சப்தர்ஜங் மருத்துவமனையும் கானா, நைஜீரியா, மலாவி, தான்சானியா நாட்டு மருத்துவமனைகளும் சேர்ந்து நடத்தி, 2021இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை, நிலை சீரடையும்வரை காத்திராமல், பிறந்த உடனேயே தாயின் மார்பில் வைத்தபோது, முதல் 28 நாட்களில் நேர்ந்த இறப்பு நூற்றுக்கு 15.7 என்பதிலிருந்து 12.0 ஆகக் குறைந்தது. நான்கில் ஒரு பங்கு குறைவு. அதை அடுத்து உலக சுகாதார நிறுவனம் 2022இல், குறைமாதக் குழந்தைகளுக்கு இதை நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யலாம் என்று பரிந்துரைத்தது.

மூக்கில் சிபாப் இருப்பதே இதற்குத் தடையாகாது. அந்தக் குழாயோடு மார்பில் வைத்த குழந்தைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். உங்கள் மகள் அதற்கு இப்போது தயாரா என்பதைச் சிகிச்சை தரும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால், 'எப்போதாவது சொல்வார்கள்' என்று காத்திராமல், 'கங்காரு எப்போது தொடங்கலாம்?' என்று நாளையே கேளுங்கள். தொடங்கினால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைத்திருங்கள், ஏனென்றால் இடம் மாற்றுவதே இவ்வளவு சிறிய குழந்தைக்குக் களைப்பு தரும் வேலை. அறுவைச் சிகிச்சைத் தழும்பைக் கண்டு பயப்பட வேண்டாம். குழந்தை இருப்பது மார்பில், எடையும் ஒரு கிலோதான். மனைவி ஓய்வெடுக்கும் நேரத்தில் நீங்கள் சட்டையைக் கழற்றி உட்காரலாம். 'ஆம்பிளை மேல் பிள்ளையைக் கட்டுவதா' என்று கூச்சப்பட்டு நின்ற தந்தையர், ஒருமுறை அந்தச் சிறு மூச்சு நெஞ்சில் படுவதை உணர்ந்த பிறகு, மறுநாள் எங்களுக்கு முன்னால் வந்து காத்திருப்பார்கள்.

மார்பில் வைக்க முடியாத நாட்களிலும் கை இருக்கிறது. இங்கே பெரும்பாலோர் ஒரு தவறு செய்கிறார்கள்: பாசத்தில் விரலால் மெல்ல வருடுகிறார்கள். 29 வாரக் குழந்தையின் தோலுக்கும் நரம்புகளுக்கும் வருடல் எரிச்சலாகத்தான் இருக்கும். வெதுவெதுப்பான ஒரு கையைத் தலையின் மேலும் மற்றொரு கையை மடங்கிய கால்களின் மேலும் குவித்து வைத்து, அசைக்காமல் அப்படியே பிடித்திருங்கள். கருப்பையின் சுவர் அணைத்திருந்தது போன்ற உணர்வு அதற்குக் கிடைக்கும். விரல்களை விரித்துக் கையை முன்னால் நீட்டுதல், விக்கல், அடிக்கடி கொட்டாவி, முகம் வெளிறுதல் ஆகியவை 'இப்போது போதும்' என்று குழந்தை சொல்லும் மொழி. கையை வாயருகே கொண்டுபோவதும் முகம் தளர்வதும் 'நன்றாக இருக்கிறது' என்பதற்கு அடையாளம். இரண்டு வாரங்கள் கூர்ந்து பார்த்தால் உங்கள் மகளின் மொழியை எங்களைவிட நீங்களே நன்றாகப் படிப்பீர்கள். பணி நேரம் முடிந்ததும் நாங்கள் மாறிக்கொண்டே இருப்போம். ஒரே கண்ணால் தொடர்ந்து பார்ப்பவர்கள் நீங்கள் மட்டுமே. 'நேற்றுப் போல இல்லை, சோர்வாகத் தெரிகிறாள்' என்று ஒரு தாய் சொன்னதை நான் ஒருபோதும் அலட்சியம் செய்ததில்லை. சோதனையில் நோய்த்தொற்று தெரியவருவதற்கு முன்பே தாய்க்குத் தெரிந்துவிட்ட சந்தர்ப்பங்கள் உண்டு.

பேசுங்கள், தாலாட்டுப் பாடுங்கள், ஆனால் அருகில் நின்று, தாழ்ந்த குரலில். வயிற்றில் இருக்கும்போதே தாயின் குரலைக் கேட்கத் தொடங்கிய வயது இது. இன்குபேட்டரின் மேல் பாட்டிலை வைப்பதும், கதவைப் பட்டென்று மூடுவதும், கண்ணாடியை விரலால் தட்டிக் கூப்பிடுவதும் உள்ளே இடி போலக் கேட்கும். செல்பேசியில் பாட்டுப் போட்டுப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

அடுத்து, மானிட்டரும் எண்களும். உங்கள் கடிதத்தில் பாதி, எடை இறங்கிவிட்டதே என்ற கவலை. குறைமாதக் குழந்தைகள் முதல் வாரத்தில் உடலின் மிகுதியான நீரை வெளியேற்றுவதால் பிறந்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இழப்பது இயல்பு. உங்கள் மகள் இழந்தது 10 சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு. இரண்டு வாரம் ஆகும்போது பழைய எடையை எட்டி, அதன் பிறகு நாளுக்குக் கிலோவுக்கு 15 முதல் 20 கிராம் வரை கூடுவதைத்தான் எதிர்பார்ப்போம். ஒரு நாள் 30 கிராம் ஏறி மறுநாள் 10 கிராம் இறங்கினால் மனம் உடைய வேண்டாம். வாரக் கணக்கைப் பாருங்கள்.

மூச்சு நின்றுபோகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். மூளையில் மூச்சை நடத்தும் பகுதி முதிராததால் இந்த வயதுக் குழந்தைகள் இடையிடையே மூச்சு விட மறந்துவிடும். 20 விநாடிக்கு மேல் போனால் இதயத்துடிப்பும் குறைந்து அலாரம் அடிக்கும். இதற்காகவே கஃபீன் மருந்து கொடுக்கிறார்கள். பெரும்பாலும், வயிற்றில் இருந்த வாரங்களையும் சேர்த்து, 36, 37 வாரம் ஆகும்போது தானாக நின்றுவிடும். ஆனால் எல்லா அலாரமும் ஆபத்து அன்று. பாதத்தில் கட்டிய சென்சார் நழுவினாலும் அது கத்தும். நாங்கள் முதலில் பார்ப்பது திரையை அன்று, குழந்தையின் நிறத்தையும் நெஞ்சின் அசைவையும்தான். நீங்களும் அப்படிப் பழகிக்கொண்டால் பாதி நடுக்கம் போய்விடும். ஆக்சிஜன் கொடுக்கப்படும் குழந்தைக்கு, திரையில் தெரியும் இரத்த ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்கும் 95 சதவீதத்துக்கும் இடையில் இருந்தால் போதும் என்பதே குறிக்கோள். 'ஏன் 100 இல்லை' என்று கேட்டு ஆக்சிஜனைக் கூட்டச் சொல்லாதீர்கள், மிகுதியான ஆக்சிஜன் கண்ணைக் கெடுக்கும்.

அந்தக் கண்ணைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தப் பதிலில் நீங்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது. விழித்திரையின் இரத்தக் குழாய்கள் கருவின் கடைசி மாதங்களில்தான் வளர்ந்து முடிகின்றன. முன்கூட்டியே பிறந்த குழந்தையில் அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையை இழுத்துப் பிரித்துவிடக்கூடும். இந்தியாவில் 34 வாரத்துக்கு முன்போ 2 கிலோவுக்குக் குறைவாகவோ பிறந்த எல்லாக் குழந்தைகளுக்கும் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது விதி. 1,200 கிராமுக்குக் குறைவாகப் பிறந்ததால், உங்கள் மகளுக்கு முதல் பரிசோதனை பிறந்த இரண்டு மூன்று வாரத்துக்குள்ளேயே நடந்தாக வேண்டும். அதாவது, இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் கண் முற்றிலும் நன்றாகவே தெரியும். கருவிழிக்குள் வெண்மை தெரியும்போது காலம் கடந்திருக்கும். சரியான நேரத்தில் கண்டுபிடித்து, இரண்டு மூன்று நாளுக்குள் லேசர் செய்தால் பார்வையைக் காப்பாற்றிவிடலாம். முதல் பரிசோதனையில் 'பரவாயில்லை' என்றாலும், குழாய்கள் முதிர்ந்துவிட்டன என்று கண் மருத்துவர் எழுதிக் கொடுக்கும்வரை அவர் சொன்ன தேதிகளில் மீண்டும் மீண்டும் போக வேண்டும். எத்தனையோ போராட்டங்களைத் தாண்டிப் பிழைத்து வீட்டுக்குப் போன ஒரு குழந்தை, மழைக்காலம் என்று இரண்டு தேதிகளைத் தவறவிட்டதால் பார்வையை இழந்து ஆறாம் மாதத்தில் திரும்பி வந்ததை என் கண்ணால் பார்த்தேன். ஒரு நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் அந்தத் தேதியைப் பெரிதாக எழுதிவையுங்கள்.

அந்த நோட்டு வேறு பலவற்றுக்கும் பயன்படும். மருத்துவர் சுற்றுக்கு வரும் நேரத்தை அறிந்து, நாளுக்கு ஒருமுறை, பெற்றோரில் ஒருவரே பேசுங்கள். 'எப்படி இருக்கிறாள்?' என்று கேட்டால் 'அப்படியேதான் இருக்கிறாள்' என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக 'நேற்றைவிட இன்று என்ன மாறியிருக்கிறது? பால் எத்தனை மில்லி ஆனது? மூச்சு எத்தனை முறை நின்றது? தலை ஸ்கேன் எடுத்தாயிற்றா, என்ன தெரிந்தது?' என்று கேளுங்கள். மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டால் பெரும்பாலும் முதல் மூன்று நாட்களுக்குள்தான் ஏற்படும். ஆகையால் உங்களுக்கு அந்தக் கட்டம் கடந்துவிட்டது, ஸ்கேன் முடிவை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டாம், மூன்றாம் வாரங்களில் நோய்த்தொற்று வருவதும், பால் செரிக்காமல் ஒரு நாள் நிறுத்துவதும், இரத்தம் ஏற்றுவதும் இந்த எடையில் அடிக்கடி நடப்பவை. உங்கள் மகளின் உடலில் உள்ள மொத்த இரத்தமே ஏறத்தாழ 100 மில்லிதான். சோதனைகளுக்கு எடுப்பதே கூடிக் கூடிக் குறைவை உண்டாக்கிவிடும். இரத்தம் ஏற்ற வேண்டும் என்றால் எல்லாம் முடிந்துவிட்டது என்று பொருள் அன்று.

செலவைப் பற்றி: அரசு மருத்துவமனையில் பச்சிளம் குழந்தைச் சிகிச்சை இலவசம், தனியார் மருத்துவமனை என்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அது சேர்ந்திருக்கிறதா என்று காப்பீட்டு மேசையில் இன்றே கேளுங்கள். மற்றச் சந்தேகங்களுக்கு அரசின் மருத்துவ உதவி எண்ணான 104ஐ அழைக்கலாம்.

இனி உங்கள் மனைவி. எல்லோருடைய கண்ணும் குழந்தையின் மேல் இருப்பதால், எட்டு நாளுக்கு முன் வயிறு திறக்கப்பட்ட ஒரு பெண் வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறார் என்பதை வீடு மறந்துவிடும். அவருக்கு இரத்த அழுத்தத்தால் வந்த பிரசவம் இது. அந்த அழுத்தம் பிள்ளை பிறந்ததும் உடனே ஓய்ந்துவிடாது. ஆறு வாரம் வரை ஆபத்து உண்டு. கடுமையான தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி, மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும், 'அழுததால் வந்த தலைவலி' என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். இரத்த அழுத்த மாத்திரையை அவராக நிறுத்தக் கூடாது. பத்தியம் என்று தண்ணீரையும் காய்கறியையும் குறைப்பதை வீட்டுப் பெரியவர்களிடம் பணிவாகச் சொல்லி நிறுத்துங்கள். பால் சுரக்க அவர் வயிறாரச் சாப்பிட வேண்டும்.

சாப்பிட மறுப்பதற்கு அடியில் இருப்பது பெரும்பாலும் குற்ற உணர்வு. தண்ணீர்க் குடம் தூக்கினேனே, பப்பாளி சாப்பிட்டேனே, வேலையை விடவில்லையே என்று தங்களையே குற்றவாளியாக்கிக்கொள்ளாத தாயை நான் பார்த்ததில்லை. இந்த இரத்த அழுத்த நோய் நஞ்சுக்கொடி உருவாகும் காலத்திலேயே வேர் பிடிப்பது. குடமும் பப்பாளியும் அதைக் கொண்டுவரவில்லை. அதுமட்டுமன்று: அறுவைக்கு முன் அவருக்குச் சில ஊசிகள் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவை ஸ்டீராய்டு ஊசிகளாகத்தான் இருக்க வேண்டும்; குழந்தையின் நுரையீரலை முதிர்விப்பதற்காகத் தாய்க்குப் போடப்படுபவை. நியூசிலாந்தில் லிக்கின்ஸ், ஹவி என்ற இரு மருத்துவர்கள் 1972இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த முறை இது. அப்படியானால், உங்கள் மகளுக்கான முதல் சிகிச்சையைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டவர் அவர்தான். இதை அவரிடம் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகை நிற்காமல், தூக்கமில்லாமல், குழந்தையைப் பார்க்கவே விருப்பமில்லாமல் இருந்தால் அது மனத்தின் பலவீனம் அன்று, சிகிச்சை தேவைப்படும் நோய். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம். உங்களுக்கும் அது பொருந்தும். ஆண் அழக்கூடாது என்று அடக்கி வைத்து, மூன்றாவது வாரத்தில் படிக்கட்டில் மயங்கி விழுந்த தந்தையரை நாங்கள் தூக்கியிருக்கிறோம்.

உறவினர் சொல்வதில் இரண்டைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 'ஏழாம் மாதப் பிள்ளை பிழைக்கும், எட்டாம் மாதப் பிள்ளை பிழைக்காது' என்பது நம் ஊரில் மட்டுமன்று, பண்டைய கிரேக்க மருத்துவர்களிடமும் இருந்த நம்பிக்கை. உண்மை அதற்கு நேர்மாறானது. கருப்பையில் கூடும் ஒவ்வொரு வாரமும் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. உங்கள் மகள் பிழைப்பதானால் ஏழாம் மாதம் என்பதால் அன்று, ஊசியாலும் சிபாப்பாலும் பாலாலும் மார்பின் சூட்டாலும் பிழைப்பாள். அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் 1963 ஆகஸ்டில் ஐந்தரை வாரங்கள் மட்டுமே முன்னதாக, 2 கிலோவுக்கு மேல் எடையோடு பிறந்தும், நுரையீரல் முதிராத நோயால் 39 மணி நேரத்தில் இறந்துபோனான். அன்று அந்த நாட்டின் உச்சிப் பதவியில் இருந்தவருக்குக் கிடைக்காத சிகிச்சை இன்று நம் மாவட்டத் தலைநகரங்களில் கிடைக்கிறது.

மற்றொன்று, 'நிலைக்குமா என்று தெரியாத பிள்ளை மேல் பாசம் வைக்காதே, பெயர் வைக்காதே' என்பது. காப்பாற்றும் எண்ணத்தில்தான் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். 29 வாரத்தில் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோர் நல்ல தீவிர சிகிச்சை கிடைத்தால் பிழைத்துவிடுகிறார்கள். எல்லோரும் பிழைப்பதில்லை என்பதையும் மறைக்க மாட்டேன். ஆனால், பிள்ளையை இழந்த பெற்றோரில், 'தொட்டுவிட்டேனே, தூக்கிவிட்டேனே, பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேனே' என்று வருந்திய ஒருவரையும் நான் சந்தித்ததில்லை. 'ஒருமுறைகூடத் தூக்கவில்லையே' என்று பல ஆண்டுகள் கழித்தும் அழுதவர்களைச் சந்தித்திருக்கிறேன். பெயர் சூட்டும் சடங்கை நாள் பார்த்து பிறகு வையுங்கள். காலில் கட்டிய பட்டையில் தாயின் பெயரைத்தான் எழுதியிருப்பார்கள். அதற்காகப் பிள்ளை பெயரில்லாமல் இருக்க வேண்டியதில்லை. வீட்டில் கூப்பிடும் ஒரு பெயரை இப்போதே வைத்து, அந்தப் பெயரைச் செவிலியரிடமும் சொல்லுங்கள். நாங்களும் அதைச் சொல்லித்தான் கூப்பிடுவோம்.

சேனை தொட்டு வைப்பது, தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், உரைமருந்து, மூக்கில் எண்ணெய் விடுவது ஆகிய எதுவும் மருத்துவமனையிலும் வேண்டாம், வீட்டிலும் வேண்டாம். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வயிற்றில் இருந்த காலத்தையும் சேர்த்து, சுமார் 32 வாரத்திலிருந்து 34 வாரத்துக்குள் உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒருங்கே செய்யும் திறன் குழந்தைக்கு வரும். அப்போது குழாயை எடுத்துவிட்டுப் பாலாடையில் ஊட்டத் தொடங்குவார்கள். நம் பாட்டிமார் பயன்படுத்திய அதே பாலாடைதான்; அந்தப் பெயரோடே இன்று நாடெங்கும் உள்ள பச்சிளம் குழந்தைப் பிரிவுகளில் இருக்கிறது. அந்த நாட்களில் மனைவி பகலெல்லாம் குழந்தையின் அருகிலேயே இருக்கட்டும். ஊட்டுவது, டயப்பர் மாற்றுவது, வெப்பநிலை பார்ப்பது, மருந்து கொடுப்பது அனைத்தையும் எங்கள் கண்முன்னே நீங்கள் இருவரும் பலமுறை செய்து பழகிய பிறகே வீட்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். மூச்சு நிற்காமல் சில நாட்கள் கடந்து, வார்மர் இல்லாமலே உடல் சூடு நிலைத்து, வாய்வழியாகக் குடித்து எடை தொடர்ந்து ஏறினால் அனுப்புவார்கள். எந்தத் தேதி என்று கேட்டால், பிரசவத்துக்கு முதலில் குறித்த தேதியை ஒட்டியோ சில வாரங்கள் முன்னதாகவோ என்று மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டிலும் கங்காரு தொடரலாம். சாம்பிராணிப் புகையும் பார்க்க வரும் கூட்டமும் மட்டும் சில மாதங்கள் வேண்டாம். தடுப்பூசிகளைப் பிறந்த தேதியிலிருந்து கணக்கிட்டுப் போடுவார்கள். வளர்ச்சியை அப்படிக் கணக்கிடக் கூடாது. உங்கள் மகள் 11 வாரங்கள் முன்னதாகப் பிறந்திருப்பதால், இரண்டு வயது வரை, அவள் வயதிலிருந்து அந்த 11 வாரங்களைக் கழித்துவிட்டே மருத்துவர்கள் பார்ப்பார்கள். 'நான்கு மாதமாகியும் தலை நிற்கவில்லையே' என்று அப்போது யாராவது கேட்டால், அவளுக்கு ஆகியிருப்பது ஒன்றரை மாதம்தான் என்று சொல்லுங்கள்.